விட்ட இடம்

அவர் எதையும் முடித்துவிட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. சாப்பாடு, பேச்சு, சண்டை, சவரம், எதுவானாலும் பாதியில் நிற்கும். விட்டுவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை. எங்கே விட்டாரோ அந்த இடம் அவர் மனத்தில் ஆணி அடித்ததுபோல் இருக்கும். பல நாள் கழித்து வந்து அதே சொல்லிலிருந்து தொடங்குவார்.

நாமக்கல்லில் மோகனூர் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். வடநாட்டுக்கு முட்டையும் தீவனமும் ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். நான் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவன்; எதையும் மாதத்தோடும் கிழமையோடும் நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதனால் இதைத் திட்டமாகச் சொல்ல முடியும்: ஓர் ஆவணி மாதத்தின் கடைசி வாரத்தில், எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நாக்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு மலைச்சாலையில் வண்டி நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“அந்தப் போலீஸ்காரன் டார்ச் அடிச்சு வண்டிக்கு அடியில பார்த்தானுங்க சாமி. பார்த்துட்டு…”

செல்போன் அடித்தது. லோடு தயாராக இருக்கிறதாம். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டே போய்விட்டார். அடுத்து நான் அவரைப் பார்த்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வண்டியைக் கழுவி மாலை போடுவதற்காக ஊர் வந்திருந்தார். முகம்கூடக் கழுவாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்து, “பார்த்துட்டு, தொப்பியக் கழட்டி பானட் மேல வெச்சானுங்க” என்றார்.

யாருடைய தொப்பி என்று எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பரமத்தி வேலூரில் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். வெற்றிலைத் தோட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவர். கணவன் எதையும் பாதியில் விடும் பழக்கத்தை அவர் கேலி செய்யாத நாள் இல்லை.

“என்ற கல்யாணத்துல மூணாவது முடிச்சுப் போடறதுக்குள்ள போன் வந்திருந்தா, எந்திரிச்சுப் போயிருப்பாருங்க தம்பி.”

“போயிருந்தா என்ன இப்ப?” என்பார் அவர். “வந்து போட்டிருப்பன்.”

பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகள், தனக்குப் புதிது வாங்கிக்கொண்டு, தன் பழைய விளையாட்டுக் கருவியை ஒரு பொங்கலின்போது அப்பாவிடம் கொடுத்தாள். இரண்டு கைக்குள் அடங்குவது. நடுவில் திரை. இடப்பக்கம் ஒரு குமிழ். அதைத் தள்ளினால் திரையிலிருக்கும் ஆள் நடப்பான். வலப்பக்கம் பொத்தான்கள்; குதிப்பதும் வெட்டுவதும் எடுப்பதும் வைப்பதும் அவற்றின் வேலை. மேல் விளிம்பில், இடது ஓரத்தில், இன்னொரு பொத்தான். அதை அழுத்தினால் கருவி அப்படியே உறங்கும்.

அண்ணி அதற்கு அன்றைக்கே ‘செங்கல்’ என்று பெயர் வைத்தார். “அந்தச் செங்கல்லைக் கீழ வெச்சுட்டு ரெண்டு வாய் சாப்புடுங்க” என்ற குரல் அந்தப் பொங்கல் முழுக்க எதிர்வீட்டிலிருந்து கேட்டது.

லாரிக்காரர் வேலையில் ஓட்டுவது ஒரு பாதி, காத்திருப்பது மறுபாதி. குடோன் வாசலில், ஆலை வாசலில், எடை மேடையின் முன்னால். வரிசை எப்போது நகரும் என்று யாருக்கும் தெரியாது. நகரும்போது நாம் நகராவிட்டால் பின்னால் நிற்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். அந்தக் காத்திருப்புகளில் அவர் செங்கல்லோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மதில்மேல் உட்கார்ந்து அதைத் தட்டிக்கொண்டிருந்தவரிடம், அதில் எந்த விளையாட்டு நன்றாயிருக்கும் என்று கேட்டேன்.

“பெரிய டிவியில ஆடறதெல்லாம் இதுலயும் வருமுங்க சாமி. வந்தா ஆச்சா? பஸ்ஸு மெயின் ரோட்டுல ஓடுதுன்னு சந்துக்குள்ள கொண்டாந்து உடுவீங்களா?”

“சுடுகிற ஆட்டம்?”

“அது ஆவாதுங்க. கூடச் சேர்ந்து எவனெவனோ ஆடறான். திடீர்னு வரிசை நகந்தா நான் வண்டிய எடுக்கோணும். நான் கீழ வெச்சுட்டா அவனுக செத்துப் போறானுங்க. எந்த ஊட்டுப் புள்ளைகளோ, எனக்கெதுக்குங்க அந்தப் பாவம்?”

“கதை சொல்கிற ஆட்டம்?”

“எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது. அதுவுமில்லாம, ஒருத்தன் அழுதுக்கிட்டே பேசறப்ப பாதியில அமுக்கறதுக்கு மனசு வர மாட்டேங்குதுங்க. அதெல்லாம் ஊட்டுல காலை நீட்டி ஒக்காந்து ஆடறவனுக்கு.”

மேலிருந்து கட்டைகள் விழ, அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்குகிற ஆட்டத்தைத் தங்கம் என்றார். கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் ஒன்று முடிந்துவிடுமாம். அதைவிட உசத்தி, முறை வைத்து ஆடும் சண்டை.

“நான் ஒரு அடி அடிச்சுப்போட்டு, வண்டிய நகத்தி நிறுத்தி, டயரைத் தட்டிப் பார்த்துட்டு வந்தாலும், வாளைத் தூக்குன எதிரி தூக்குன கையோடயே நிப்பானுங்க. அத்தனை மருவாதி தெரிஞ்ச எதிரி நம்ம ஊருல எங்க இருக்கறான் சொல்லுங்க?”

“லாரி ஓட்டுகிற ஆட்டம்கூட இருக்கிறதாமே?”

“புள்ள ஏத்திக் குடுத்துச்சுங்க. அதுலயும் டோல்கேட் வருது. அழிச்சுப்போட்டன்.”

சொல்லிவிட்டு மேல் விளிம்புப் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது.

“இதைப் பாருங்க. இப்பத் தூங்கிருச்சு. நாளைக்கு எழுப்பினாலும் சரி, ஒடிசா போயிட்டு வந்து எழுப்பினாலும் சரி, எங்க உட்டமோ அங்கயே நிக்கும். சார்ஜ் மட்டும் இருக்கோணும். இந்த மாதிரி ஒரு சாமான் வேற எதுங்க இருக்குது?”

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்தார். “ஏன், நான் இல்லியா? என்னையும் அப்படித்தான் அமுக்கி வெச்சுட்டுப் போறாருங்க தம்பி. வந்து பார்க்கறப்ப அங்கயே நிக்கோணும்.”

மூவருமே சிரித்தோம்.

பிறகு இந்த விளையாட்டுகளைப் பற்றி நான் தேடிப் படித்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் அவற்றைச் சுடுவது, ஓடுவது, தாண்டுவது, வளர்ப்பது என்று செயலை வைத்து வகை பிரிக்கிறார்கள். அவருடைய பிரிவில் இரண்டே வகைதான்: கீழே வைக்க முடிந்தது, கீழே வைக்க முடியாதது. கையில் பிடிக்கிற கருவிக்கு முதல் வகைதான் பொருந்தும் என்பது அவர் தீர்ப்பு. நான் படித்த எதிலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்கவில்லை.

ஒரு பங்குனி மாதத்தில், மகாராஷ்டிரத்தில் சுமை இறக்கிய இடத்தில், இறங்குவதற்காகக் கதவைத் திறந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். கூடப் போயிருந்த மாற்று டிரைவர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தகவல் சொன்னார். சித்திரை பிறந்த பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் கொஞ்சம் உயிர் வந்தது. இடக்கை மட்டும் வரவே இல்லை.

பார்க்கப் போனபோது அந்தக் கையை வலக்கையால் தூக்கி மடியில் வைத்துக் காட்டினார். “கியர் போடற கைங்க சாமி இது. ஸ்டியரிங் புடிக்கிற கை நல்லாத்தான் இருக்குது. கியர் இல்லாம ஸ்டியரிங்கை வெச்சுக்கிட்டு நான் எந்தூருக்குப் போறது?”

அந்தக் கோடையில் எனக்கு அச்சம் தந்தது அவருடைய கைகூட அல்ல. அவர் எல்லாவற்றையும் முடிக்க ஆரம்பித்துவிட்டார். வைத்த சோற்றைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். ஆரம்பித்த வாக்கியத்தை முற்றுப்புள்ளிவரை கொண்டுபோனார். அதற்குமேல் பேசவில்லை. எழுப்பிக் கூட்டிப்போக எந்த அழைப்பும் வராத மனிதர், அதனால் எதையும் பாதியில் விடவில்லை. அண்ணிக்கும் இது தெரிந்திருந்தது. “தட்டைக் கழுவி வெச்ச மாதிரி சாப்புடறாருங்க தம்பி” என்று ஒருநாள் சொன்னபோது அவர் குரல் சரியாக இல்லை.

செங்கல்லை எடுத்துக் கொடுத்தவரும் அண்ணிதான். வாங்கியவர் அதை மடியில் வைத்து வலது கட்டைவிரலால் அழுத்தினார். திரையிலிருந்த ஆள் குதித்தான். மறுபடி குதித்தான்.

“நின்ன எடத்துலயே குதிக்கறான்,” என்று கருவியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அண்ணி, கையை முந்தானையில் துடைத்தார். கருவியை நிமிர்த்தி, அதன் இடப்பக்கத்தைத் தான் பிடித்துக்கொண்டார்.

“அவன் நடக்கோணும், அவ்வளவுதானுங்களே? நான் நடத்தறன். மிச்சத்த நீங்க பாருங்க.”

ஒரு கருவியை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆடி நான் கேள்விப்பட்டதே இல்லை. அது அப்படித்தான் தொடங்கியது. ஆடத் தக்க ஆட்டம் கிடைக்க நாளாயிற்று. அது கிடைத்தாக வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் அவர் மறுபடியும் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அதன்பின் கையில் எடுக்கமாட்டார்.

முதலில் கார்ப் பந்தயம். அதன் முழு விவரமும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கே கேட்டது.

“லெஃப்ட்ல ஒடி அம்மணி! லெஃப்ட்டு, லெஃப்ட்டு!”

“ஒடிச்சனுங்க!”

“இது ஒடிக்கறதா? கோலத்துக்குப் புள்ளி வெக்கற மாதிரி இழுக்கறே!”

“முப்பது வருசமா நீங்க ஓட்டுனீங்க, நான் ஊட்டுல கெடந்தன். எனக்கென்னங்க தெரியும்? பிரேக்கை நீங்கதான அமுக்கோணும், அமுக்குனீங்களா?”

கார் கடலில் விழுந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த முதல் சண்டை அது. எனக்குக் கேட்கக் கேட்க இனித்தது.

அடுத்து கட்டை அடுக்கும் ஆட்டம். அண்ணி நகர்த்த, அவர் திருப்ப, கொஞ்ச தூரம் அழகாகப் போயிற்று. வேகம் கூடியதும் அண்ணி “ஐயோ வருது, வருது” என்று கையை எடுத்துவிட்டார். முறை வைத்து ஆடும் சண்டையில் இடப்பக்கத்துக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. “நான் எதுக்குங்க இதுல? வேடிக்கை பார்க்கவா?” என்று அண்ணி கேட்டார். இத்தனை நாள் அவர் மெச்சிய ஆட்டம் அது. அதை அன்றைக்கே அழித்துவிட்டார்.

ஆடி நோன்புக்கு வந்த மகள் ஒரு பண்ணை ஆட்டத்தை ஏற்றிக் கொடுத்தாள். ஒரு சின்ன ஆள், ஒரு வீடு, கொஞ்சம் நிலம். உழ வேண்டும், விதைக்க வேண்டும், ஒவ்வொரு செடியாகப் பக்கத்தில் போய் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிய இடத்தில் மண் கறுத்துத் தெரியும். அவசரம் ஏதுமில்லை. ஆளை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்தால்தான் பொழுது முடியும், மறுநாள் விடியும், தண்ணீர் குடித்த செடி ஓர் இலை விடும். அன்றைக்குச் செய்ததெல்லாம் அப்போதுதான் கருவியில் பதிவாகும். படுக்கவைக்காத வரைக்கும், திரையின் மூலையில் தெரிகிற தேதி மாறவே மாறாது.

“மண்ணே வேண்டாம்னுதான் நான் லாரிக்கு வந்தன்,” என்று முகம் சுளித்தவர் இரண்டாம் நாளே அமைதியாகிவிட்டார். நடப்பது அண்ணி, ஊற்றுவது அவர். ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு செடியையும் பிழைக்கவைக்க முடியாது.

அண்ணிக்கு அது விளையாட்டாகவே தோன்றவில்லை. கொடிக்காலுக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. திரையில் இருந்த ஆளின் பூட்ஸைப் பார்த்ததும், “அதைக் கழட்டச் சொல்லுங்க முதல்ல” என்றார். கழற்ற வழியில்லை. அதற்கு ஈடாக, ஆளைச் செடிமேல் ஒருநாளும் நடக்கவிடமாட்டார். அந்த ஆட்டத்தில் செடிமேல் நடந்தாலும் ஒன்றும் ஆகாது. இருந்தும் வரப்போரமாகவே சுற்றிச் சுற்றிக் கூட்டிப்போவார்.

“குறுக்க போ அம்மணி. அதுமேல நடந்தா ஒண்ணும் ஆவாது. இது படம்.”

“மொளைச்ச பயிரை மிதிக்கச் சொல்றீங்களா? என்னால ஆவாது.”

“இப்படிச் சுத்திப் போனா நான் தண்ணி ஊத்தறதுக்குள்ள மழை வந்துரும்.”

“வரட்டும். நல்லதுதான?”

ஆட்டம் முடியும்போது அவர் சொல்வது ஒன்றே: “சரி, வண்டிய ஓரங்கட்டு.” அண்ணி ஆளை வரப்போரமாக வீட்டுக்கு நடத்தி, கட்டிலருகே நிறுத்துவார். அவர் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்திப் படுக்கவைப்பார். இதற்குள் அவர் பழையபடி ஆகிவிட்டிருந்தார். தட்டில் சோறு மீந்தது. கதைகள் நடுவில் நின்றன. மறுநாளோ மறுவாரமோ விட்ட சொல்லிலிருந்து கிளம்பின.

மாசி மாதம், வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். நான் போனபோது இருவரும் கட்டிலில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கருவி. எந்தத் தாளைக் கண்டாலும் தேதியைப் பார்க்கிற பழக்கத்தில் திரையின் மூலையைப் பார்த்தேன்: வசந்தம், பத்தொன்பதாம் நாள். செடிகள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு இலையோடு நின்றன. அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே எனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒடிசாவில் ஆற்றுப் பாலத்தின்மேல் வெள்ளம் போகிறது. இந்தக் கரையில் லாரிகள். அவற்றுக்கு நடுவே கல்யாணக் கோஷ்டியின் பஸ் ஒன்றும் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

“கல்யாணப் பொண்ணு பஸ்ஸை உட்டு எறங்குனாளுங்க சாமி. அத்தனை லாரி நிக்குது. அத்தனையும் உட்டுப்போட்டு நேரா என்ற வண்டிக்கிட்ட வந்தா. வந்து கேட்டா பாருங்க ஒரு கேள்வி…”

உள்ளேயிருந்து பால் தீய்ந்த வாசனை வந்தது.

“ஐயோ, பாலு!” என்று அண்ணி மேல் விளிம்புப் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்தார். “இருங்க, வந்து மிச்சத்துக்கு ஊத்திரலாம்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “அவளே அமுக்கப் பழகிட்டா பார்த்தீங்களா? சரி, அப்பறஞ் சொல்றன் சாமி.”

நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியிருக்க மாட்டேன். அண்ணியின் குரல் கேட்டது. ஓடிப் போனேன். அவர் கட்டிலிலேயே சுவரில் சாய்ந்திருந்தார். கருவி மடியில் இருந்தது. அது இரண்டாவது தாக்குதல். ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவர் பார்க்கவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மதியத்துக்குமேல் அண்ணி வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று, பச்சைக் குழந்தையைப்போல.

“தம்பி, உங்கூட்டுல இன்வெர்ட்டர் ஓடுதுங்களா? இதுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏத்தோணும்.”

துண்டுக்குள் செங்கல் இருந்தது. செருகிவிட்டு, திரை எரிகிறதா என்று பார்ப்பதற்காக எழுப்பினார். எனக்குத் தேதிதான் முதலில் கண்ணில் பட்டது. வசந்தம், பத்தொன்பது. வயலில் இரண்டு வரிசை முழுவதும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. மூன்றாம் வரிசையில் பாதிவரைக்கும் ஈரம். அதற்கப்புறம் வறண்ட மண்.

நான் பார்ப்பதைக் கண்டு அண்ணியே சொன்னார்.

“படுக்க வெச்சாத்தான் இது பதிவாகுமுங்க. சார்ஜ் தீந்துருச்சுன்னா அன்னைக்குக் காலைக்குப் போயிரும். அவரு ஊத்துனது ஒண்ணும் இருக்காது.”

“படுக்கவைத்துவிடலாமே அண்ணி?”

“புள்ளையும் அதையேதானுங்க சொல்லுச்சு. படுக்க வெச்சா விடிஞ்சுருமே. விடிஞ்சா ஈரம் காஞ்சுருமே.” துண்டை மடித்து வைத்தார். “அதுவுமில்லாம அது அவரு பக்கத்துப் பொத்தான். அவரு பக்கம் நான் தொடறதில்லீங்க.”

இடக்கையால் மட்டும் குமிழைத் தள்ளிக் காட்டினார். சின்ன ஆள் வெறுங்கையோடு நடந்தான். வரப்போரமாக, ஒரு செடியையும் மிதிக்காமல், ஈரமான வரிசைகளைச் சுற்றிவந்து, மூன்றாம் வரிசையில் ஈரம் முடிகிற இடத்தில் நின்றான். தினமும் சாயங்காலம் ஒரு நடை இப்படிக் கூட்டிப்போவாராம்.

கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். “அந்தக் கல்யாணப் பெண் அண்ணனிடம் என்ன கேட்டாள் என்று உங்களுக்குத் தெரியுமா?”

“எந்தப் பொண்ணுங்க?”

அன்று பக்கத்திலேயே இருந்தும், ஆளைச் செடிமேல் படாமல் நடத்துவதில் மூழ்கியிருந்த அண்ணிக்கு அந்தக் கதையே தெரியாது. அண்ணன் அதை என்னிடம் மட்டும் தொடங்கியிருக்கிறார். எந்த லாரிக்காரரைப் பார்த்தாலும் அந்த வெள்ளத்தைப் பற்றி விசாரிக்க எனக்குத் தோன்றுகிறது. இதுவரை ஒருவரிடமும் விசாரிக்கவில்லை.

கார்த்திகையில் கருவியின் முதுகு உப்பியது. மூடி ஒரு பக்கம் விலகி, உள்ளே பேட்டரி தலையணைபோல வீங்கித் தெரிந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடைக்கு நான்தான் அண்ணியைக் கூட்டிப்போனேன். கடைக்காரர் தொட்டுப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“அக்கா, இதை இனி சார்ஜ்ல போட்டுறாதீங்க. புடிச்சு எரிஞ்சுரும். வேற பேட்டரி போடலாம், ஆனா இதைக் கழட்டித்தான் ஆகோணும். உள்ள எதாச்சும் இருந்தா இன்னைக்கே பதிஞ்சு வெச்சுக்கங்க.”

வீட்டுக்கு வந்து, அவர் உட்கார்ந்திருந்த கட்டிலில், அவர் உட்காரும் பக்கத்தைக் காலியாக விட்டு அண்ணி உட்கார்ந்தார். கருவியை எழுப்பியபோது திரையில் சார்ஜ் குறி சிவப்பாகிவிட்டிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே பள்ளிக்கூட வேன் ஒன்று குழந்தைகளை இறக்கிவிட்டுப் போயிற்று.

அந்த ஈரமான மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் அல்ல, பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்.

“எங்கப்பா வெத்தலைக்குத் தண்ணி கட்டறப்ப ஒண்ணு சொல்லுவாருங்க. பாதிப் பாத்தியில மடைய அடைச்சாலும் அடைக்கலாம், பாஞ்ச தண்ணியப் பயிரு குடிக்காம மறிக்கக் கூடாதும்பாரு. இதுக அன்னைக்கு ஊத்துன தண்ணியில இன்னுங் குடிக்கவே இல்லீங்க தம்பி. நான்தான் மறிச்சு வெச்சிருக்கறன்.”

“மிச்சச் செடிகளுக்கும் ஊற்றிவிட்டுப் படுக்கவைத்துவிடலாமே அண்ணி, சார்ஜ் கொஞ்சம் இருக்கிறதே” என்றேன்.

“வேண்டாங்க. அவரு ஊத்துனது எதுன்னு தெரியோணுமில்லைங்க.”

குமிழைத் தள்ளினார். ஆள் வரப்போரமாக நடந்தான். அவசரம் காட்டாமல், எப்போதும்போலச் சுற்றிக்கொண்டு போய், வீட்டுக் கதவைத் தாண்டி, கட்டிலருகே நின்றான். அங்கே அண்ணியின் வேலை முடிந்தது. வலக்கை மடியில் கிடந்தது. அதைத் தூக்கிக் கருவியின் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனார். கட்டைவிரல் பொத்தானுக்குமேல் வந்து நின்றது. அந்தப் பொத்தான் மற்றவற்றைவிடத் தேய்ந்து, அதன்மேல் இருந்த எழுத்து அழிந்திருந்தது.

“சரி, ஓரங்கட்டியாச்சுங்க,” என்று மெல்லச் சொல்லிவிட்டு அழுத்தினார்.

திரை இருண்டது. பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். மெல்ல வெளிச்சம் வந்தது. ஒரு சேவல் கூவியது. மூலையில் தேதி மாறியிருந்தது. வசந்தம், இருபது.

அண்ணி ஆளை வெளியே கூட்டிவந்தார். மண் முழுவதும் காய்ந்திருந்தது, ஈரம் எங்குமில்லை. ஆனால் முதல் இரண்டு வரிசைச் செடிகள் புதிதாக ஓர் இலை விட்டு உயர்ந்திருந்தன. மூன்றாம் வரிசையில் பாதிவரை அதே உயரம். அங்கிருந்து அந்தப் பக்கம் எல்லாம் பழைய குட்டைச் செடிகள், இரண்டிரண்டு இலையோடு.

உயரம் முடிகிற இடத்தில் விரலை வைத்தார். விரலை எடுக்கவில்லை.

“இங்க வரைக்கும் வந்திருக்காரு.”

மேல் விளிம்புப் பொத்தானை அவர் அழுத்தவில்லை. திரை தானாக ஒருமுறை மங்கி, பிறகு முழுவதும் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்ததும் கருவியைத் துண்டில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

“பேட்டரியக் கழட்டச் சொல்லிருங்க தம்பி. இனி அது அங்கயே நிக்கும்.”